மூணையும் ஒரே பெட்டிக்குள்ள வைக்க முடியுமா? இடைக்கால ஜெர்மன் இலக்கியத்துல இன்பமும் பாவமும்

ஒரு ஆளு பாறை மேல உக்காந்திருக்காரு. கால் மேல கால், அதுக்கு மேல முழங்கை, உள்ளங்கைக்குள்ள தாடையும் ஒரு கன்னமும். பாக்குறவங்களுக்குப் பல்வலிக்காரன் மாதிரி தெரியும், ஆனா மனுஷன் யோசிச்சிட்டு இருக்காரு. என்ன யோசனைன்னா, மூணு சரக்கு வேணும், மூணுல ஒண்ணு கூட கெட்டுப் போகாம ஒரே பெட்டிக்குள்ள இருக்கணும். ஒண்ணு ஊருல மதிப்பு, ரெண்டு காசு பணம், மூணு கடவுளோட கருணை. முதல் ரெண்டுமே அடிக்கடி ஒண்ணையொண்ணு கெடுத்துக்கும்ங்கிறாரு, மூணாவது அது ரெண்டையும் விட ஒசத்தி. அப்புறம் அவரே கைய விரிச்சிடுறாரு: நாட்டுல துரோகம் பதுங்கிக் கிடக்கு, வன்முறை ரோட்டுல நடமாடுது, அமைதியும் நியாயமும் காயம்பட்டுக் கிடக்கு, அந்த ரெண்டும் குணமாகுற வரைக்கும் இந்த மூணுக்கும் வழித்துணை கிடையாது.

இவரு பேரு வால்தர் ஃபொன் டெர் ஃபோகல்வைடெ. இந்தப் பாட்டு 1198 வாக்குல, ஜெர்மன் அரியணைக்கு ரெண்டு பேரு அடிச்சிக்கிட்டு இருந்த சமயத்துல பாடினது. இவ்ளோ பெரிய கவிஞர், ஆனா வாழ்ந்த காலத்து ஆவணம்னு பாத்தா இவரு பேரு வர்றது ஒரே ஒரு செலவுக் கணக்குல தான்: 1203 நவம்பர் 12, பாஸாவ் பிஷப் ஒருத்தரு பாடகர் வால்தருக்கு ஃபர் கோட்டு வாங்க அஞ்சு ஷில்லிங் குடுத்திருக்காரு. குளிர் ஆரம்பிக்கிற மாசம், பாவம். மதிப்பு, பணம், கடவுள்னு பாடினவரோட வரலாற்று ஆதாரமே ஒரு பிஷப் வாங்கிக் குடுத்த கோட்டு தான்ங்கிறது எனக்கு எப்பவுமே சிரிப்பா இருக்கும், ஏன்னா அந்த ஒரு வரிக் கணக்குல மூணு சரக்குமே இருக்கு.

நான் இந்தப் பக்கம் வந்தது தற்செயலா தான். வேலைக்காக ஜெர்மன் கத்துக்கப் போயி, இலக்கணம் தாங்காம ஓரமா எதையாவது படிப்போம்னு ஆரம்பிச்சது. இடைக்காலம்னாலே ஒண்ணு, சாமியாருங்க எல்லாத்தையும் பாவம் பாவம்னு திட்டிட்டு இருந்த இருட்டுக் காலம்னு நினைச்சுக்குவோம், இல்லைன்னா கவசம் போட்ட வீரன் பால்கனில நிக்கிற பொண்ணுக்குப் பூ குடுக்கிற சினிமா சீன்னு நினைச்சுக்குவோம். ரெண்டும் பாதி பாதி. உள்ள போயி பாத்தா அது கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னு நின்ன ஒரு கூட்டத்தோட இலக்கியம். உலக சந்தோஷமும் வேணும், சொர்க்கமும் வேணும். எப்படின்னு ஆளாளுக்கு ஒரு பதில் சொல்லிப் பாக்குறாங்க, எதுவும் முழுசா ஒத்துவரல. அந்த ஒத்துவராமை தான் ருசியே.

முதல்ல காலத்த சொல்லிடுறேன். 1170ல இருந்து 1230 வரைக்கும், ஒரு அறுபது வருஷம். அதுக்குள்ள தான் நான் சொல்லப்போற பெரிய தலைங்க முக்கால்வாசியும் வர்றாங்க. மொழி இன்னைக்கு இருக்கிற ஜெர்மன் இல்ல, அதுக்கு மூத்தது, இன்னைக்கு ஜெர்மன்காரங்களே அகராதி இல்லாம படிக்க முடியாது. எழுதினவங்க நிறைய பேரு பெரிய ஜமீன்தாருங்க கிடையாது, பிரபுக்களுக்குக் கீழ ஊழியம் பண்ணின குட்டி வீரர்கள். அந்த ஊழியக் கூட்டம் சட்டப்படி பாத்தா சுதந்திர ஆளுங்களே இல்ல, ஆனா குதிரையும் வாளும் கோட்டையில ஒரு இடமும் உண்டு. இத மனசுல வச்சுக்கங்க, ஏன்னா இவங்க காதல் பாட்டுல வர்ற வார்த்தை எல்லாமே ஆபீஸ் வார்த்தை. சேவை, கூலி, விசுவாசம். காதலிய கூப்பிடுற சொல்லு “ஃபிரௌவெ”, அதுக்கு அப்போ எஜமானியம்மான்னு அர்த்தம், இன்னைக்கு “ஃபிராவ்”னு தேஞ்சுபோயி எல்லா பொம்பளைங்களுக்கும் பொதுவா ஆயிடுச்சு.

அந்தக் காதலுக்கு அவங்க வச்ச பேரு “மின்னே”. இதுக்குக் காதல்னு மொழிபெயர்த்தா பாதி தான் வரும். மின்னேன்னா ஆசை, அன்பு, நினைப்பு, கடவுள் மேல வைக்கிற பக்தி கூட மின்னே தான். அரண்மனைப் பாட்டுல இது ஒரு குறிப்பிட்ட ஏற்பாடா மாறுது: ஆண் கீழ நின்னு பாடுவான், எட்டாத உயரத்துல ஒரு சீமாட்டி, அவ ஒத்துக்கவே மாட்டா, அவன் விடவே மாட்டான், வருஷக்கணக்கா சேவை, கூலி பூஜ்யம். இதுக்கு “உயர்ந்த மின்னே”ன்னு பேரு. இதுல யாருக்கு என்ன லாபம்னு நமக்குத் தோணும்ல, அது அவங்களுக்கும் தோணியிருக்கு. ஆல்பிரெக்ட் ஃபொன் யோஹான்ஸ்டோர்ஃப்னு ஒருத்தரு, அவரு பாட்டுல ஆணும் சீமாட்டியும் மாத்தி மாத்திப் பேசிக்கிறாங்க. கடைசில அவன் வெறுத்துப்போயி கேக்குறான், இவ்ளோ பாடினேனே, எனக்கு ஒண்ணுமே கிடைக்காதா? கிடைக்குமேங்கிறா அவ. என்ன கிடைக்கும்? இதனால நீங்க இன்னும் மதிப்புள்ள ஆளா ஆவீங்க, மனசும் உயர்ந்து நிக்கும். அவ்ளோ தான் கூலி.

சிரிச்சாலும், உள்ள ஒரு சாமர்த்தியம் இருக்கு பாருங்க. சர்ச்சு ஆசைய மிருகம்னு சொல்லுது. சொந்தப் பொண்டாட்டிய அளவுக்கு மீறி ஆசைப்படுறவனும் சோரம் போறவன் தான்னு நாலாம் நூற்றாண்டு ஜெரோம் வழியா வந்த பேச்ச அப்பவும் மேற்கோள் காட்டிட்டு இருந்தாங்க. இந்தக் கவிஞர்கள் அதே ஆசைய எடுத்து, நிறைவேறாம வச்சு, அத மனுஷன செதுக்குற உளியா மாத்தப் பாத்தாங்க. ஆசைப்படு, ஆனா அளவோட, நிதானத்தோட, விசுவாசத்தோட ஆசைப்படு, அந்தப் பயிற்சியில நீ நல்லவன் ஆயிடுவ. நிதானத்துக்கு “மாஸெ”ன்னு ஒரு வார்த்தை, விசுவாசத்துக்கு “ட்ரியூவெ”, நிலையா நிக்கிறதுக்கு “ஸ்டேட்டெ”, மதிப்புக்கு “ஏரெ”, கைய நீட்டிக் குடுக்கிறதுக்கு “மில்ட்டெ”. இதோட “ஃப்ரௌடெ”, அதாவது சந்தோஷம். அரண்மனையில சந்தோஷமா இருக்கிறது ஒரு கடமை மாதிரி. மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு சபைக்கு வந்தா அது மரியாதைக் குறைவு. இன்பம் தனி ஆளு சொத்து இல்ல, சபைக்கு நீ செலுத்துற பங்குங்கிற இந்த ஐடியா புரியலைன்னா பின்னாடி வர்ற கதைங்க எதுவுமே ஏறாது.

சிலுவைப்போரு வந்தப்போ இந்தக் கணக்குல விரிசல் விழுந்துச்சு. ஃபிரீட்ரிஷ் ஃபொன் ஹௌஸன் பாடுறாரு: என் நெஞ்சும் உடம்பும் இவ்ளோ நாள் ஒண்ணா இருந்துச்சு, இப்ப பிரியப் பாக்குதுங்க, உடம்பு போருக்குப் போறேங்குது, நெஞ்சு ஒரு பொண்ண எடுத்துக்கிச்சு, நகர மாட்டேங்குது. கடவுள் வேலைக்குப் போறவன் மனச இங்க விட்டுட்டுப் போனா அது எந்தக் கணக்குல சேரும்? அவரு நிஜமாவே சிலுவைப்போருக்குப் போனாரு, 1190 மே மாசம் சின்ன ஆசியாவுல செத்தும் போனாரு.

சரி, நிறைவேறாத ஆசை போதும், நிறைவேறின ஆசைக்கு வருவோம். மறுபடி வால்தர். “லிண்டன் மரத்தடியில”ன்னு அவரோட ஒரு பாட்டு. இங்கிலீஷ்ல லைம்னு சொல்றாங்களேன்னு எலுமிச்ச மரம்னு தப்பா மொழிபெயர்க்காதீங்க, இது வேற, இதய வடிவ இலை, ஊர்ப் பொது இடத்துல நிக்கிற மரம், ஜெர்மன் பாட்டுல காதலுக்கு ஆஸ்தான மரம். இந்தப் பாட்டுல பேசுறது ஒரு பொண்ணு. அந்தப் புல்வெளியில, மரத்தடியில எங்க ரெண்டு பேரு படுக்கை இருந்துச்சு, போயி பாருங்க, பூவும் புல்லும் நசுங்கிக் கிடக்கும், ரோஜாவப் பாத்தாலே என் தலை எங்க இருந்துச்சுன்னு தெரியும். முத்தம் குடுத்தானா? ஆயிரம் தடவை, என் வாய் எப்படி சிவந்திருக்கு பாருங்க. நடுவுல “டந்தரடாய்”னு ஒரு சத்தம் வரும், அர்த்தம் கிடையாது, நைட்டிங்கேல் குருவி பாடுற சத்தம்.

கடைசி பத்தி தான் உயிர். அவன் என்கூட படுத்தது யாருக்காவது தெரிஞ்சா, ஐயோ கடவுளே வேண்டாம், வெக்கமா போயிடும், அவனுக்கும் எனக்கும் ஒரு குட்டிக் குருவிக்கும் தான் தெரியும், அது விசுவாசமா இருக்கும்ங்கிறா. அந்த இடத்துல அவ பயன்படுத்துற வார்த்தை ட்ரியூவெ, அதே வீரர்களோட வார்த்தை. அரசனுக்கு வீரன் காட்ட வேண்டிய விசுவாசம் இங்க ஒரு குருவி மேல போயி உக்காருது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவன் வந்து தன்னை வரவேற்றதச் சொல்லும்போது “ஹேரெ ஃபிரௌவெ”ன்னு ஒரு சொல்லு போடுறா. அதுக்கு, என்னை ஒரு சீமாட்டி மாதிரி வரவேற்றான்னும் அர்த்தம் எடுக்கலாம், மாதாவேன்னு அவ கத்துறதாவும் எடுக்கலாம். அறிஞருங்க இன்னும் அடிச்சிக்கிறாங்க. கள்ளக் கலவியோட நடுவுல மாதா பேரு வந்ததா இல்லையான்னே தெரியாத மாதிரி எழுதியிருக்காரு பாருங்க, அவரு வேணும்னே தான் பண்ணினாருன்னு நான் நம்புறேன். இதே வால்தர் இன்னொரு பாட்டுல, மின்னேன்னா என்னன்னு யாராச்சும் சொல்லுங்கன்னு கேட்டுட்டு, அது ரெண்டு நெஞ்சோட இன்பம், ரெண்டு பேரும் சமமா பங்கு போட்டா தான் அது மின்னே, ஒரு நெஞ்சு தனியா சுமக்க முடியாதுன்னு பதிலும் சொல்றாரு. யோஹான்ஸ்டோர்ஃபோட சீமாட்டிக்கு இது பதிலடி மாதிரியே இருக்கு.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், பொண்ணு குரல்ல பாடினாலும் எழுதினது ஆம்பளை தான், சபையில பாடினதும் ஆம்பளை தான். அத மறந்துட்டு ரசிச்சா கொஞ்சம் ஏமாந்துடுவோம்.

அடுத்து கதைகள். ஹார்ட்மன் ஃபொன் ஔவேன்னு ஒரு கவிஞர், தன்னைப் பத்தியே “புத்தகம் படிக்கிற அளவுக்குப் படிச்ச ஒரு வீரன்”னு பெருமையா சொல்லிக்குவாரு, அந்தக் காலத்து வீரர்கள்ல அது ஒசத்தி தான். பிரெஞ்சுல இருந்து ஆர்தர் ராஜா கதைகளை ஜெர்மனுக்குக் கொண்டு வந்தது இவரு. முதல் கதை “எரெக்”. எரெக் ராஜகுமாரன், வசதியில்லாத வீட்டுப் பொண்ணு எனிட்டேய கட்டிக்கிறான். அழகான பொண்ணு. கல்யாணம் ஆனதும் ரெண்டு பேரும் கட்டிலு, அது முடிஞ்சா பூசை, அது முடிஞ்சா சாப்பாடு, மறுபடி கட்டிலு. வீரர்கள் மோதுற போட்டிக்குப் போறதில்ல, சபை களையிழந்து போச்சு, வீரர்கள் ஒவ்வொருத்தரா கழண்டுக்கிறாங்க. இதுக்கு ஜெர்மன்ல ஒரு தனி வினைச்சொல்லே இருக்கு, “ஃபெர்லிகன்”, படுத்தே கெட்டுப்போறது. ஒரு நாள் மத்தியானம், ஜன்னல் வழியா வெயில் கட்டில்ல விழுது, அவன் தூங்குறான்னு நினைச்சு எனிட்டே தனக்குள்ள புலம்புறா. அவன் தூங்கல. உடனே எழுந்து குதிரைய கட்டச் சொல்லி, நீ முன்னாடி போ, என்ன நடந்தாலும் வாயத் திறக்காதன்னு அவளையும் இழுத்துக்கிட்டு காட்டுக்குக் கிளம்பிடுறான். வழியில கொள்ளைக்காரங்க வர்றது முன்னாடி போற அவளுக்குத் தான் தெரியும், சொன்னா தண்டனை, சொல்லலைன்னா புருஷன் செத்துடுவான், ஒவ்வொரு தடவையும் சொல்லிடுறா, ஒவ்வொரு தடவையும் திட்டு வாங்குறா. எரெக் மேல எனக்கு இந்த இடத்துல ஒரு மரியாதையும் கிடையாது, படுத்தது ரெண்டு பேரு, தண்டனை ஒருத்திக்கு.

கவனிங்க, இது கட்டின பொண்டாட்டி, சர்ச்சுல ஆசீர்வாதம் வாங்கின கல்யாணம், சோரம் கிடையாது. அப்புறம் என்ன குத்தம்? இன்பத்த கதவ சாத்தி ரெண்டு பேரு மட்டும் வச்சுக்கிட்டது. சபைக்குக் குடுக்க வேண்டிய பங்கக் குடுக்கல. இத ஹார்ட்மன் கதையோட கடைசில ஒரு படமா காட்டுறாரு: ஒரு அழகான தோட்டம், உள்ள ஒரு வீரனும் அவன் காதலியும் மட்டும், வெளிய விட மாட்டா, யாரு வந்தாலும் அவன் கொன்னு தலைய வேலிக் கம்புல சொருகி வச்சிருக்கான். அந்தத் தோட்டத்து சாகசத்துக்குப் பேரு என்ன தெரியுமா, “சபையோட சந்தோஷம்”. எரெக் அவனை ஜெயிச்சு வெளிய கொண்டு வந்ததும் தான் ஊருக்கு சந்தோஷம் திரும்புது. தோத்தவனும் அப்பாடான்னு நன்றி சொல்றான், ஏன்னா அவனே உள்ள கைதி மாதிரி தான் இருந்தான்.

இன்னொரு கதை “இவைன்”, அது இதுக்கு அப்படியே தலைகீழ். கல்யாணம் ஆனதும் நண்பன் காவைன் வந்து காதுல ஓதுறான்: எரெக் கதி உனக்கும் வந்துடப்போகுது, வா போட்டிக்குப் போவோம். ஒரு கதைக்குள்ள இன்னொரு கதையோட ஹீரோவ எச்சரிக்கையா காட்டுறது, அப்பவே இந்த யூனிவர்ஸ் வேலை எல்லாம் உண்டு. பொண்டாட்டி லௌடினே ஒரு வருஷம் லீவு குடுக்குறா. இவன் போட்டியில மூழ்கி தேதியத் தாண்டிடுறான். ஆள் வந்து சபை நடுவுல துரோகின்னு சொல்லி மோதிரத்தப் பிடுங்கிட்டுப் போனதும் புத்தி பேதலிச்சு, துணியக் கிழிச்சு எறிஞ்சுட்டு காட்டுக்குள்ள ஓடுறான். வீட்டுல கிடந்தாலும் தப்பு, ஊரச் சுத்தினாலும் தப்பு. மாஸெ, மாஸெ.

இதே ஹார்ட்மன் எழுதின “ஏழை ஹைன்ரிஷ்” தான் பாவம்ங்கிற பக்கத்துக்கு நேரா போற கதை. ஹைன்ரிஷ் எல்லாம் பெத்த பிரபு, அழகு, பணம், பாட்டு, நல்ல பேரு. ஒரு குறையும் இல்லாதவனுக்குத் தொழுநோய் வந்துடுது. அவனே சொல்றான், இத்தனையும் கடவுள் குடுத்ததுன்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல. இத்தாலி சலெர்னோ வைத்தியர் சொல்றது ஒரே மருந்து: கல்யாண வயசுல இருக்கிற ஒரு கன்னிப்பொண்ணு தானா மனசார முன்வந்து உயிர விடணும், அவ இதய ரத்தம் வேணும். அவனோட குத்தகைக்காரர் மக நான் வர்றேன்னு நிக்கிறா, இந்த உலகத்துல இருந்து சீக்கிரம் சொர்க்கம் போயிடலாம்னு அவளுக்கு அவ்ளோ அவசரம். சலெர்னோவுல கதவ சாத்திட்டு வைத்தியர் கத்திய தீட்டுற சத்தம் ஹைன்ரிஷுக்குக் கேக்குது. சுவத்துல ஒரு ஓட்டை தேடிப் பாக்குறான். மேசையில துணியில்லாம கட்டிப் போட்டிருக்காங்க, அவ உடம்பு அவ்ளோ அழகு. அவளப் பாக்குறான், தன்னைப் பாக்குறான், நிறுத்துன்னு கதவத் தட்டுறான். இங்க நின்னு யோசிக்கணும். எந்த வாசல் வழியா பாவம் உள்ள வரும்னு சாமியாருங்க பயந்தாங்களோ, அந்தக் கண்ணு வழியா தான் இவனுக்குக் கருணை உள்ள வருது. அவளோ விட்டுட்டியேன்னு கட்டையில போறவனேங்கிற ரேஞ்சுல திட்டுறா. திரும்பி வர்ற வழியில கடவுள் அவனைக் குணமாக்குறாரு, அவளையே கட்டிக்கிறான்.

இவ்ளோ நேரம் சொன்னவங்க எல்லாம் ஒரு மாதிரி சமரசம் பேசுறவங்க. இப்ப சமரசமே பேசாத ஒருத்தரு, கோட்ஃபிரீட் ஃபொன் ஸ்ட்ராஸ்பூர்க். 1210 வாக்குல “டிரிஸ்டன்” எழுதினாரு, 19,500 வரிக்கு மேல போயும் முடிக்காம விட்டுட்டுப் போனாரு. கதை பல பேருக்குத் தெரியும்: டிரிஸ்டன் தன் மாமா மார்க் ராஜாவுக்குப் பொண்ணு கேட்டுப் போயி இசோல்டேய கப்பல்ல கூட்டிட்டு வர்றான், ராஜாவும் பொண்ணும் முதலிரவுல குடிக்க வச்சிருந்த காதல் மருந்த தெரியாம இவங்க ரெண்டு பேரும் குடிச்சிடுறாங்க. அதுக்கப்புறம் பொய், ஒளிவு, மறைவு தான் வாழ்க்கை. இத சோரம்னு தானே சொல்லணும். கோட்ஃபிரீட் என்ன பண்றாருன்னா, சந்தோஷம் மட்டும் போதும்ங்கிற கூட்டத்துக்கு நான் எழுதல, இனிப்புக் கசப்பையும் காதல் வலியையும் ஒரே நெஞ்சுல சுமக்கிற உயர்ந்த நெஞ்சங்களுக்கு எழுதுறேன்னு முன்னுரையிலயே கதவப் போட்டுடுறாரு. அப்புறம் இன்னும் துணிஞ்சு, இந்த ரெண்டு பேரோட வாழ்வும் சாவும் நமக்கு அப்பம்ங்கிறாரு. கிறிஸ்தவ சபையில உக்காந்திருக்கிறவன் காதுல அப்பம்னு விழுந்தா திருப்பலி தான் ஞாபகம் வரும். கள்ளக் காதலர் கதைய நற்கருணை இடத்துல வைக்கிறாரு மனுஷன்.

ராஜா ரெண்டு பேரையும் விரட்டினதும் அவங்க ஒரு குகைக்குப் போறாங்க. அந்தக் குகைய கோட்ஃபிரீட் ஒரு கோயில விளக்குற மாதிரி விளக்குறாரு: வட்டமா இருக்கிறது கள்ளமில்லாத மனசு, அகலம் காதலோட வலிமை, உயரம் உயர்ந்த மனசு, நடுவுல படிகக் கட்டில். சர்ச்சுக் கட்டிடத்தோட ஒவ்வொரு பாகத்துக்கும் ஆன்மிக அர்த்தம் சொல்றது அப்ப பிரசங்கத்துல வழக்கம், அதே டெக்னிக்க கட்டிலுக்கு இறக்கிட்டாரு. சாப்பாடு? ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தாங்க, அதுவே போதும்ங்கிறாரு. யாராச்சும் நம்புவீங்களான்னு கேக்குறதுக்கு முன்னாடியே, எனக்கு இந்தக் குகை பதினோரு வயசுல இருந்தே தெரியும், ஆனா கார்ன்வால் பக்கம் நான் போனதே இல்லன்னு ஒரு போடு. எட்டு நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதின வரியில இப்படி ஒரு கண்சிமிட்டல்.

மார்க் ராஜா கடைசில குகைய கண்டுபிடிச்சு மேல இருந்த சின்ன ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறாரு. ரெண்டு பேரும் தூங்குறாங்க, நடுவுல உருவின வாள் கிடக்கு, ராஜா வர்றது தெரிஞ்சு அவங்க போட்ட நாடகம் அது. நம்பலாமா வேண்டாமான்னு அவருக்குத் தெரியல. ஒரு சூரியக்கதிர் இசோல்டேயோட முகத்துல விழுது. ராஜா புல்லு, பூ, இலை எல்லாம் பறிச்சு அந்த ஜன்னல அடைச்சிட்டு, கண்ணீரோட போயிடுறாரு. மூணு பேருல நான் இங்க யாரு பக்கம்னு எனக்கே தெரியல.

இதுக்கு முன்னாடி நடக்கிற சத்திய சோதனையும் சொல்லியே ஆகணும். இசோல்டே மேல சந்தேகம், பழுக்கக் காய்ச்சின இரும்ப கையில பிடிச்சு நிரூபிக்கணும். அவ ஒரு திட்டம் போடுறா: டிரிஸ்டன் யாத்திரிகன் வேஷத்துல வர்றான், கப்பல்ல இருந்து அவள தூக்கிட்டு இறங்கும்போது தடுக்கி அவளோட விழுந்துடுறான். அப்புறம் சத்தியம்: என் ராஜாவும், நீங்க எல்லாரும் பாத்தீங்களே அந்த யாத்திரிகனும் தவிர வேற ஆம்பளை யாரும் என் கையணைப்புல கிடந்ததில்ல. ஒரு எழுத்து பொய்யில்ல. இரும்பு சுடல. கோட்ஃபிரீட் கமென்ட் அடிக்கிறாரு, பாத்தீங்களா, நல்ல குணமுள்ள கிறிஸ்து காத்துல ஆடுற சட்டைக் கை மாதிரி எந்தப் பக்கம் இழுத்தாலும் வர்றாரு. இத தெய்வ நிந்தனைன்னு சிலர் படிக்கிறாங்க, கடவுள இப்படி கோர்ட்டு சாட்சியா இழுக்கிற பழக்கத்தத் தான் கிண்டல் பண்றாருன்னு சிலர். ரெண்டாவது எனக்கு சரியா படுது, ஏன்னா 1215ல ரோம்ல கூடின சர்ச்சோட பெரிய சபையே, இந்த நெருப்பு சோதனைல பாதிரியாருங்க கலந்துக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. அதே சபை தான் எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னும் சட்டம் போட்டுச்சு. கையில இருக்கிற தீக்காயத்தப் பாக்குறத விட்டுட்டு உன் மனசுல என்ன இருக்குன்னு கேக்க ஆரம்பிச்ச காலம் அது. பாவம் உள்ள குடி போயிடுச்சு.

உள்ள குடிபோன பாவத்தப் பத்தின கதை தான் வோல்ஃப்ராம் ஃபொன் எஷன்பாக் எழுதின “பார்ட்ஸிஃபால்”. கிட்டத்தட்ட 25,000 வரி. முதல் பத்தியிலயே மனுஷன் மேக்பை பறவை மாதிரி, கறுப்பும் வெள்ளையும் கலந்தவன், அவனுக்குள்ள சொர்க்கமும் உண்டு நரகமும் உண்டுன்னு ஆரம்பிக்கிறாரு. பார்ட்ஸிஃபால் காட்டுல வளந்த வெகுளிப் பையன். ஒரு பெரியவரு அவனுக்கு அரண்மனை நாகரிகம் சொல்லித் தர்றாரு, அதுல ஒண்ணு, நிறைய கேள்வி கேக்காதே. நல்ல பையன், கத்துக்கிட்டான். கிரெயில்ங்கிற புனிதப் பொருள் இருக்கிற கோட்டைக்குப் போறான், அங்க அன்ஃபோர்டாஸ் ராஜா வலியில துடிக்கிறாரு, சபையே அழுவுது. என்னாச்சுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா ராஜாவுக்கு குணமாகியிருக்கும். கேக்கக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்களேன்னு இவன் வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டான். காலைல எழுந்து பாத்தா கோட்டை காலி. மரியாதை தெரிஞ்சதே குத்தமாப் போச்சு.

அந்த ராஜாவோட காயம் எங்கன்னா, மறைவிடத்துல, விஷம் தடவின ஈட்டி. கிரெயில் ராஜா கிரெயில் காட்டுற பொண்ணத் தான் விரும்பணும்னு விதி, இவரு இளமை வேகத்துல காதல் தெய்வம் பேரப் போர்முழக்கமா கத்திக்கிட்டு வேற ஒருத்திக்காக சண்டைக்குப் போனாரு. கிரெயில பாக்குறதால சாகவும் முடியல, காயத்தால வாழவும் முடியல. வோல்ஃப்ராம் இன்பத்துக்கு எதிரின்னு நினைச்சுடாதீங்க. பார்ட்ஸிஃபால் பனியில மூணு சொட்டு ரத்தம் விழுந்தத பாத்து, தன் பொண்டாட்டி கோண்ட்விராமூர்ஸோட முகம் ஞாபகம் வந்து, சண்டைக்கு வந்தவன் யாருன்னு கூட தெரியாம சிலையா நிக்கிற சீன் இருக்கு, கட்டின பொண்டாட்டி மேல இவ்ளோ ஏக்கத்த அந்தக் காலத்துல எழுதினவங்க கம்மி. கடைசில திரும்பி வந்து அந்த ஒரு கேள்விய கேக்குறான்: “மாமா, உங்களுக்கு என்ன செய்யுது?” மூலத்துல இருக்கிற “ஓஹைம்”ங்கிற சொல்லு அடிப்படையில தாய்மாமாவக் குறிக்கிறது, அன்ஃபோர்டாஸ் அவன் அம்மாவோட கூடப்பிறந்தவரு. ஆங்கிலத்துல அங்கிள்னு போனதும் வழுக்கிடுற இடம் தமிழ்ல அப்படியே நிக்குது. வலியில இருக்கிறவர ராஜாவா பாத்தப்ப மரியாதை வாய அடைச்சுது, தாய்மாமான்னு தெரிஞ்சதும் வாய் வந்துடுச்சு.

ஒரு சிரிப்பு சீனும் உண்டு. அவனோட அண்ணன், அப்பா ஒண்ணு அம்மா வேற, ஃபைரெஃபிட்ஸ், உடம்பே கறுப்பு வெள்ளைத் திட்டு, ஞானஸ்நானம் வாங்காதவன்ங்கிறதால கிரெயில் கண்ணுக்குத் தெரியல, அத தூக்கிட்டு வர்ற பொண்ணு மட்டும் நல்லாத் தெரியுது. ஞானஸ்நானம் வாங்கினா காதலுக்கு உதவுமான்னு கேட்டு வாங்கிக்கிறான், உடனே கிரெயிலும் தெரிய ஆரம்பிச்சிடுது. அவளக் கட்டிக்கிட்டு இந்தியா போறான்னு முடிக்கிறாரு வோல்ஃப்ராம், அவரு மனசுல இருந்த இந்தியா எதுவோ. ஆசை வழியா கடவுள்கிட்ட வந்த ஆளுக்கு கதையில ஒரு தண்டனையும் இல்ல.

அந்தப் புத்தகத்தோட கடைசில, உடம்பு பண்ணின குத்தத்தால ஆத்மாவ கடவுள்கிட்ட இருந்து பறிகுடுக்காம, உலகத்தோட மதிப்பையும் இழக்காம ஒருத்தன் வாழ்ந்து முடிச்சான்னா அது உருப்படியான உழைப்புன்னு ஒரு வரி வரும். வால்தரோட பெட்டி இங்க மறுபடி வருது, ஆனா பணத்த மட்டும் காணோம்.

நூறு வருஷத்துக்குள்ள காத்து மாறுது. கோன்ராட் ஃபொன் வூர்ட்ஸ்பூர்க் 1260 வாக்குல ஒரு குட்டிக் கதை எழுதுறாரு. ஒரு வீரன் சாயங்காலம் காதல் கதைப் புத்தகம் படிச்சிட்டு இருக்கான், அப்போ அவ்ளோ அழகான ஒரு சீமாட்டி அறைக்குள்ள வந்து, நீ இத்தனை நாளா சேவை பண்ணினது எனக்குத் தான், கூலிய பாருங்கிறா. பேரு ஃபிராவ் வெல்ட், உலகம்ங்கிற அம்மணி. திரும்பி முதுகக் காட்டுறா, முதுகு பூரா புழு, பாம்பு, தேரை. அவன் பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு சிலுவைப்போருக்குப் போயிடுறான். இந்த அம்மணிய வோர்ம்ஸ் நகரத்து பேராலயத்துல தெற்கு வாசல்ல சிலையாவே வச்சிருக்காங்க, முன்னாடி இருந்து பாத்தா சிரிச்ச முகம், சுத்திப் போயி முதுகப் பாக்கணும். “மின்னே”ங்கிற சொல்லும் காலப்போக்குல கொச்சையா தேஞ்சுபோயி, 15ஆம் நூற்றாண்டு வாக்குல சபையில சொல்ல முடியாத வார்த்தையாயிடுச்சு, அந்த இடத்துக்கு “லீபெ” வந்து உக்காந்துக்கிச்சு.

படிச்சுப் பாக்கணும்னா எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேப்பீங்க. “ஏழை ஹைன்ரிஷ்” சின்னது, ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரத்துல முடிச்சிடலாம், அதுல ஆரம்பிங்க. படம் பாக்கணும்னா ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்துல இருக்கிற மனெஸ்ஸெ சுவடி, இந்தப் பாட்டுங்களோட கையெழுத்துத் தொகுப்பு, 14ஆம் நூற்றாண்டோட முன்பாதியில சூரிச்ல தயாரானது, 426 தோல் ஏடு, 137 முழுப்பக்கப் படம், முழுசா ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டிருக்காங்க. வால்தர் அதுல பாறை மேல, கன்னத்துல கையோட உக்காந்திருப்பாரு.

அந்த வால்தருக்கு வயசானதும் அவரும் உலக அம்மணிகிட்ட ஒரு பாட்டுல பேசியிருக்காரு. கோன்ராட் கதைக்கு முன்னாடியே. அம்மணி, உங்க விடுதிக்காரர்கிட்ட சொல்லுங்க, என் பாக்கிய எல்லாம் அடைச்சாச்சு, கணக்குத் தோல்ல இருந்து என் பேர சுரண்டிடச் சொல்லுங்க. விடுதிக்காரர் யாருன்னு சொல்ல வேண்டியதில்ல, சாத்தான் தான். அவ கெஞ்சுறா: வால்தர், ஏன் கோவம், இங்கயே இரு, உனக்கு எவ்ளோ மதிப்பு குடுத்தேன், நீ கேட்டப்ப எல்லாம் குடுத்தேனே, நீ எப்பவாவது தான் கேட்டங்கிறது தான் எனக்கு வருத்தமே. அவரு சொல்றாரு, நிறைய பால் குடிச்சாச்சு அம்மணி, மறக்கிற வயசு வந்துடுச்சு, முகத்தப் பாத்தப்ப அழகு தான், பொய் சொல்லல, முதுகயும் பாத்துட்டேன். சரி போ, ஆனா நல்ல நாளு எல்லாம் இருந்துச்சுல்ல, அத நினைச்சுக்கோ, எப்பவாவது பொழுது போகலைன்னா இந்தப் பக்கம் எட்டிப் பாருங்கிறா. எனக்கும் ஆசை தான், உன் கண்ணிய நினைச்சா தான் பயமா இருக்கு, அதுல இருந்து யாராலயும் தப்ப முடியாதுங்கிறாரு. கடவுள் உங்களுக்கு நல்ல ராத்திரிய குடுக்கட்டும் அம்மணி, நான் தங்குற இடத்துக்குக் கிளம்புறேன்.